சுண்ணாம்பு அடித்த ஞாயிற்றுக்கிழமை

ஒரகடத்தில் என்னிடம் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஒரு கதை நினைவிருக்கும். புதிதாகச் சேர்கிற சூப்பர்வைசர்களுக்கும் பெர்சனல் டிபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கும் நான் எடுக்கிற முதல் வகுப்பு அந்தக் கதையில்தான் தொடங்கும். 1991இல் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி. முப்பத்தைந்து பேர், ஓவர்டைம் இல்லாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வந்து கம்பெனிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, "இந்தப் பற்றை எந்தச் சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாது" என்று முடிப்பேன். நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஒரு வகுப்பில் கைகூடத் தட்டினார்கள்.

அதில் நான் சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியை மறைத்து வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் கதையை வைத்தே நல்ல பேர் வாங்கினேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். எழுதிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அதுதான் கம்பெனி. எங்கள் முதலாளி அம்பத்தூரில் பெரிய வேலையில் இருந்த இன்ஜினியர். அதை விட்டுவிட்டு இரண்டு பழைய பிரஸ் மிஷின்களோடு இங்கே வந்து தொடங்கினார். லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போகிற ரப்பர் புஷ், வாஷர் மாதிரிச் சின்னச் சின்னச் சாமான்கள். அவர் எடுத்த முதல் ஆள் நான். பெயருக்கு மேனேஜர். வேலைக்கு ஆள் எடுப்பது, ஷிஃப்ட் போடுவது, சண்டை தீர்ப்பது, கஸ்டமரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் தலையில். ஆறு வருடத்தில் இரண்டு பிரஸ் எட்டானது. ஆட்கள் முப்பத்தைந்து பேர் ஆனார்கள். வைப்பூர், எழிச்சூர், மாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் கம்பெனி வேலை.

முதலாளியை அவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் சொல்லத் தெரியாது. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். மிஷின் ரிப்பேர் ஆனால் அவரே அடியில் படுத்துக் கழற்றுவார். பிரஸ் ஓட்டுகிற ஏழுமலை எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர். அவர் மனைவிக்குத் திடீரென்று பிரசவ வலி கண்டபோது, பின் சீட்டில் இருந்த ரப்பர் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு முதலாளியே காரை ஓட்டிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறந்த பிள்ளைக்கு ஏழுமலை முதலாளியின் பெயரையே வைத்தார். "நம்ம கம்பெனி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "கம்பெனி" என்று வெறுமனே சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, சொந்த வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தவர்கள்கூட முதலில் இங்கே ஓடிவந்து, ரப்பரை வார்க்கிற இரும்பு மோல்டுகளைத் தலையில் தூக்கி மேட்டில் வைத்தார்கள்.

முதலாளி இதையெல்லாம் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்தவர் இல்லை. அவர் சுபாவம் அப்படி. அதைத் திட்டம் போட்டுப் பயன்படுத்தியவன் நான்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கன்னியம்மா. வைப்பூர்க்காரர். அப்போது இருபத்தாறு வயது இருக்கும். கணவர் செங்கல் சூளையில் வேலை செய்தார், இரண்டு பிள்ளைகள். மோல்டிலிருந்து வருகிற ரப்பர் சாமானின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்திரியால், சாமானில் வெட்டு விழாமல், எடுக்க வேண்டும். ட்ரிம்மிங் என்போம். அதில் கன்னியம்மாவின் கைக்கு ஈடு கிடையாது. மற்றப் பதினொரு பெண்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவை சரக்கு லாரியில் ஏறுகிற நேரத்தில் ஒரு பெட்டியைப் பிடித்து நிறுத்திவிட்டார். ரப்பரின் வாசனை சரியில்லையாம், சரியாக வேகவில்லை என்றார். சோதித்துப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. அன்றைக்குக் கஸ்டமரிடம் எங்கள் மானம் பிழைத்தது அவரால்தான்.

அந்த 1991 நாடே கலங்கியிருந்த வருடம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய செயற்கை ரப்பர் வரவில்லை. எங்களுடைய பெரிய கஸ்டமர் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டார். எட்டு பிரஸ்ஸில் நாலுதான் ஓடியது. ஆவணி மாதம் ஒரு நாள், பூந்தமல்லியில் ஒரு சப்ளையரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி முதலாளி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். செம்பரம்பாக்கம் வந்ததும் ஏரிக்கரைப் பக்கம் திருப்பி நிறுத்தினார். தண்ணீர் உள்வாங்கி ரொம்ப தூரத்தில் தெரிந்தது. சப்ளையர் யாரும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே விஷயத்தைச் சொன்னார். கம்பெனியைக் கொடுத்துவிடப் போகிறார். வாங்குகிறவர்கள் மெட்ராஸில் பெரிய ஆட்கள். அவர்களுக்கு வேண்டியது மிஷின்களும் மோல்டுகளும் எங்கள் கஸ்டமர்களும்தான். எல்லாவற்றையும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கிற தங்கள் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆட்கள் வேண்டாம். வருகிற திங்கட்கிழமை பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு எட்டு பிரஸ்ஸும் ஓட வேண்டும், எல்லா ஆளும் இருக்க வேண்டும் என்றார். விஷயம் தெரிந்தால் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், படுத்துவிட்ட கம்பெனியை எவனும் வாங்க மாட்டான் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அவங்க முகத்தப் பாத்து என்னால பேச முடியாது. நீங்கதான் பாத்துக்கணும்," என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாரே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்த முப்பத்தைந்து பேருக்கு அவர் மேல் இருந்த அதே பற்று எனக்கும் இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அதுவும் உண்மை என்பதால் சொல்கிறேன்.

அன்று தாம்பரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "திங்கக்கெழம பெரிய எடத்துலேந்து நம்ம கம்பெனியப் பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் புடிச்சிட்டா நம்ம எல்லார் நெலமையும் மாறிடும்."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கோத்திருந்தேன். பெரிய ஆர்டர் ஏதாவது வரப்போகிறதா என்று ஏழுமலை கேட்டார். இப்போதே வாயை வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மற்றதைச் செய்துவிட்டது. மறுநாள் காலையில் ஏழுமலையும் நாலு பேரும் வந்து, சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, வருகிறவர்கள் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வெள்ளையடித்துவிடுகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "உங்க இஷ்டம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வேலை தொடங்கியிருந்தது. ஏழுமலை தன் மச்சானிடம் மாட்டுவண்டி வாங்கிக்கொண்டு வந்து, கேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர்களின் கார் அதில் இறங்கிவிடக் கூடாதாம். ட்ரம்மில் சுண்ணாம்பு கரைத்து நீலம் கலந்து வைத்திருந்தார்கள். ரப்பரில் சேர்க்கிற கார்பன் பவுடர் ஆறு வருடமாகப் படிந்த சுவர். ஒரு கோட் அடித்தால் காய்வதற்குள் கறுப்பு மேலே வந்துவிடும். இரண்டாவது அடித்தார்கள். அப்போதும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பெண்கள் மோல்டுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கினார்கள். ஆளுக்கொரு தூக்குவாளியில் சாப்பாடு வந்திருந்தது. யாரோ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை எனக்கும் ஊற்றினார்கள். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு முதலாளி வந்தார். கேட்டிலேயே நின்றுவிட்டார். உள்ளே நடப்பதைப் பார்த்தார். தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஏழுமலை பார்த்துவிட்டார். நம்மைப் பார்த்து முதலாளிக்கு மனசு இளகிவிட்டது என்று எல்லோரிடமும் போய்ச் சொன்னார். மூன்றாவது கோட் அதற்கப்புறம்தான் அடித்தார்கள், இன்னும் வேகமாக.

மூன்று மணி இருக்கும். ஸ்டோர் ரூம் வாசலில் நான் தனியாக நின்றபோது கன்னியம்மா வந்தார். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். அவர் தங்கை தாம்பரம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அங்கே கன்னியம்மாவையும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும், போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினால் போய்வரச் சுலபம் என்று தங்கை சொல்லியிருக்கிறார்.

"நாளிக்கி நம்ம கம்பெனிக்குப் பெரிய மனுசங்கோ வராங்கோ. இந்த நேரத்துல வுட்டுட்டுப் போனா நல்லா இருக்காதேன்னு கீது சார். நீங்க இன்னா சொல்றீங்கோ? போவட்டா, வாணாவா?"

"போய்ச் சேரும்மா" என்று சொன்னால் போதும். அதனால் எந்த ரகசியமும் வெளியே வந்திருக்காது. முதலாளிக்குக் கொடுத்த வாக்கும் கெட்டிருக்காது. நல்ல இடம், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்ப எனக்கு எல்லா வழியும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது வேறு. நாளைக்குப் பன்னிரண்டு ட்ரிம்மிங் மேஜையில் இவர் மேஜை காலியாக இருந்தால் மற்றப் பெண்கள் தடுமாறுவார்கள், வருகிறவர்கள் கண்ணில் படும். அவ்வளவுதான் ஓடியது.

"நாளைக்கு நீ இல்லாம எப்படிம்மா?" என்றேன்.

அந்த முகம் மலர்ந்த விதத்தை என்னால் எழுத முடியவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "அதானே சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் சுண்ணாம்பு மட்டையை எடுத்து மறுபடி சுவருக்கு அடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

நமக்கு வேலையில் நெருக்கடி என்றால் மிஷின் நிற்பது, லாரி தாமதமாவது, கஸ்டமர் கத்துவது என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் ஒரு நாள் இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம். என் முப்பத்து மூன்று வருட வேலையில் உண்மையான நெருக்கடி ஸ்டோர் ரூம் வாசலில் நாலு நொடி நடந்தது. அது நெருக்கடி என்றே எனக்கு அப்போது தெரியவில்லை. நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து நம்பர் குறித்துக்கொண்டார்கள். மோல்டுகளைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் கன்னியம்மாவின் மேஜைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று அந்தக் கைவேகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மத்தியானம் முழுக்க ட்ரிம்மிங்கில் அதே பேச்சுதான்.

அவர்களில் பெரியவர் என்னைத் தனியாக அழைத்தார். ஆட்களை அனுப்பும்போது கொடி பிடிப்பார்களா, கேட்டில் உட்காருவார்களா என்று கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் வராது சார். முதலாளி மேல உசுரையே வச்சிருக்காங்க. அவர் சொன்னா அமைதியா போய்டுவாங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்று விசாரித்தார். ஆட்களை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி என் விலாசத்தை வாங்கிக்கொண்டார். அந்தப் பதிலுக்காகத்தான் எனக்கு அவர்களிடம் வேலை கிடைத்தது. இது வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத பகுதி.

மூன்று வாரம் கழித்து ஆட்களிடம் சொன்னோம். முதலாளி பக்கத்தில் நின்றார், பேசியது நான். சட்டப்படி சேர வேண்டியதை எல்லோருக்கும் முழுசாகக் கொடுத்தோம். அதில் குறை கிடையாது. எட்டு பிரஸ்ஸும் நின்றிருந்ததால் வெளியே வயலில் யாரோ மாட்டை அதட்டுவதுகூடக் கேட்டது. பிறகு ஏழுமலை முன்னால் வந்து முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கலங்காதீங்கோ மொதலாளி. நாங்க எப்படியாச்சும் பொழச்சிக்குவோம். வூட்ல அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கோ," என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசையாக ஒவ்வொருவரும் வந்து முதலாளிக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் மெட்ராஸ்காரரிடம் சொன்னபடியே ஒரு பிரச்சினையும் வரவில்லை.

கடைசி நாள் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். கன்னியம்மா கடைசிக்கு முன்னால் வந்தார். தாம்பரத்தில் போய்க் கேட்டாராம், அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள், அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று தெரியாதாம். சாதாரணமாகத்தான் சொன்னார். பேனாவைக் கையில் எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார்.

"அந்த ஞாயித்துக்கெழம உங்களுக்கு இது தெரியுமா சார்?"

"எனக்கும் தெரியாதும்மா. முதலாளி எங்கிட்டயும் சொல்லல," என்றேன்.

இதுவரைக்கும் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசினவன், இங்கே நேராகவே பொய் சொன்னேன். சொன்னதோடு இல்லாமல், அவர்கள் அவ்வளவு நேசித்த மனிதர் மேல் பழியையும் தூக்கிப் போட்டேன்.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கோ," என்று கையெழுத்தைப் போட்டார். பிறகு, எனக்கும் வேலை போய்விட்டதே, நான் என்ன செய்யப்போகிறேன் என்று விசாரித்தார். ஏதாவது பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மெட்ராஸ்காரர்களின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் ஒரு வாரமாக என் பையில் இருந்தது.

அதற்கப்புறம் நான் நன்றாகவே முன்னேறினேன். போகிற இடமெல்லாம் ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவன் என்ற பேர் எனக்கு முன்னால் போய் நின்றது. முதலாளி மறுபடி தொழில் எதுவும் தொடங்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய ஆட்கள் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஒரு தடவையும் போகவில்லை. அவர் இறந்தபோது போனேன். பாடையைத் தூக்கியவர்களில் ஏழுமலையும் இருந்தார். நான் தெருமுனையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிறகு காலம் மாறி ஒரகடம் முழுக்கப் பெரிய பெரிய ஃபேக்டரிகள் வந்தன. அதில் ஒன்றில் பெர்சனல் டிபார்ட்மென்ட் பொறுப்புக்கு வந்தேன். ஒரு வகுப்பில் யாரோ, சின்னக் கம்பெனியில் ஆட்களை எப்படி சார் பிடித்து வைத்தீர்கள் என்று கேட்டார். சுண்ணாம்பு அடித்ததைச் சொன்னேன். எல்லோர் கண்ணிலும் ஒரு மரியாதை தெரிந்தது. அடுத்த வகுப்பிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நல்ல கதையாகிவிட்டது.

என் கடைசி வகுப்பில், பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அந்த முப்பத்தஞ்சு பேரும் அப்புறம் என்ன ஆனாங்க சார்?" என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். ஒருத்தரைப் பற்றிக்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பெண் இதைப் படித்தால், அன்று நான் பதில் சொல்லவில்லை, ஒப்பேற்றினேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ரிட்டயர் ஆன சில மாதத்தில் ஒரு காலை படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்து வைப்பூர் போனேன். கன்னியம்மாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தலை நரைத்திருந்தது, முட்டி வலி, மெதுவாகத்தான் நடந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அய்ய, நம்ம சாரு" என்று சிரித்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மருமகளைக் காபி போடச் சொன்னார். கம்பெனி போன பிறகு கணவரோடு சூளையில் செங்கல் அறுத்திருக்கிறார். அப்புறம் ரொம்ப வருடம் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் காண்ட்ராக்ட்காரரிடம் பாத்திரம் கழுவியிருக்கிறார். அந்தத் தங்கை துணிக் கம்பெனியிலேயே இருந்து சூப்பர்வைசராகி, பென்ஷனோடு வெளியே வந்திருக்கிறார். இதைப் பெருமையாகத்தான் சொன்னார், என்னைக் குத்திக்காட்டவில்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டார். சுண்ணாம்பு அடித்தோம் என்று சொல்வேனே, அந்தக் கம்பெனி சார் இவர்தான் என்று மருமகளிடம் சொன்னார். மூன்று கோட் அடித்ததையும், ஏழுமலை மாட்டுவண்டியில் மண் கொண்டுவந்ததையும், முதலாளி கண் கலங்கியதையும் சொன்னார். நாளைக்கு நீ இல்லாமல் எப்படி என்று சார் என்னிடம் கேட்டார் என்பதையும் சொன்னார். மருமகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்று அவள் தலையாட்டியதிலேயே தெரிந்தது.

காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு முன்பே தெரியும் என்பதை, ஏரிக்கரையில் நடந்ததை, அவரை ஏன் போகவிடவில்லை என்பதை, பையில் இருந்த ஆர்டரை. சொல்லும்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இல்லாவிட்டால், போகட்டும் விடுங்கள் சார் என்பார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் மனதில் தயாராக இருந்தேன். கன்னியம்மா ரொம்ப நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இன்னாத்துக்கு சார் இப்ப வந்து சொன்னீங்கோ?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சூளையில செஞ்சேன், கேண்டீன்ல செஞ்சேன். எதையும் நம்மளுதுன்னு நெனச்சி செஞ்சதில்ல. அந்த ஒரு நாளுதான் அப்டி செஞ்சது. நீங்க சொல்லிட்டீங்கோ, உங்க பாரம் எறங்கிடுச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பெட்டியில் சரக்கு கெட்டிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. வேலை போனதற்காக மன்னிப்புக் கேட்கப் போய், அவரிடம் மிச்சமிருந்த அந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன சொல்வது? உங்களிடம் வேலை செய்கிறவர் உங்கள் கம்பெனியை நேசித்தால், அதைப் பார்த்துப் பூரிக்கிறதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இவர் என்னிடம் வந்து போகட்டுமா என்று கேட்டால், இவருக்கு நல்லது எதுவோ அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், அந்த நேசத்தைப் பற்றி மேடையில் பேசாதீர்கள். நான் பேசினேன்.

எழுந்து புறப்பட்டேன். முட்டி வலியோடு கன்னியம்மாவும் ரோடு வரைக்கும் கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். அடுத்து எங்கே போகிறேன் என்று கேட்டார். ஏழுமலையைப் பார்த்து அவரிடமும் சொல்ல வேண்டும் என்றேன். ஆட்டோ போகிற வழியில்தான் அவர் வீடு.

"வாணாம் சார். அண்ணனுக்கு வயசாயிடுச்சி. இன்னும் அந்த நாளத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீது. அதுகிட்ட சொல்லிடாதீங்கோ."

சரிம்மா என்றேன். ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டேன். ஏழுமலையின் தெருமுனையில் ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, யாராவது இறங்க வேண்டுமா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.